குவாதலூப்பா, மார்த்தினிக்கா: கையில் ஒரு வாரம் இருந்தால்

கிழக்குக் கரீபியனில் டொமினிக்காவுக்கு வடக்கே குவாதலூப்பும் தெற்கே மார்த்தினிக்கும் உள்ளன. இரண்டும் பிரான்சின் கடல்கடந்த பகுதிகள். இரண்டிலும் யூரோ செல்லும். பிரெஞ்சும், அதிலிருந்து கிளைத்த கலப்பு மொழியான கிரியோலும் பேசப்படும். மக்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். இவ்வளவு ஒற்றுமை இருப்பதால், ஒரே வாரத்தில் இரண்டையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட ஒன்றை நிதானமாகப் பார்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

குவாதலூப் வண்ணத்துப்பூச்சியின் இரு சிறகுகளைப் போலக் கிடக்கிறது. ‘தாழ்நிலம்’ என்று பொருள்படும் பாஸ் தேர்தான் மலைகள் நிறைந்த சிறகு. ‘பெருநிலம்’ எனப்படும் கிராந்த் தேரோ பரப்பில் சிறியது. பாஸ் தேரில் 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையும், மழைக்காட்டின் நடுவே 110 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கார்பே அருவியும் இருக்கின்றன. கிராந்த் தேரில் சுண்ணாம்புச் சமவெளியும் கரும்பு வயல்களும் வெண்மணற் கடற்கரைகளும் உள்ளன. மரி கலாந்த், லே சேந்த் முதலிய சிறு தீவுகளுக்குப் படகில் போய்வரலாம்.

மார்த்தினிக் சிறியது என்பதால் சுற்றிப் பார்ப்பது எளிது. தெற்கே சாலின் கடற்கரை வெண்மணலாகவும், வடக்கே உள்ள கடற்கரைகள் எரிமலையின் கருமணலாகவும் இருப்பதை ஒரே நாளில் காணலாம். ஆனால் அத்தீவின் உயிர்நாடி சேன் பியேர் நகரம்தான். 1902 மே 8ஆம் நாள் காலையில் பெலே எரிமலை வெடித்தபோது, சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 பேர் அங்கே மாண்டனர். இடிந்த நாடக அரங்கின் படிக்கட்டையும், அதனருகே கைதி ஒருவர் உயிர்தப்பிய சிறையறையையும் இன்றும் காணலாம். வரலாற்றை நேரில் உணர விரும்புவோர்க்கு குவாதலூப்பில் இதற்கு இணையான இடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருப்பினும் தமிழ் வாசகருக்கு நான் குவாதலூப்பையே பரிந்துரைப்பேன். 1848இல் அடிமை முறை ஒழிந்த பின், புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும் ஒப்பந்தக் கூலிகள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேரும், குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் அன்றாடம் பேசும் மொழி இன்று தமிழன்று. ஆயினும் மாரியம்மன் ‘மலியேமின்’ என்ற பெயரில் இரு தீவுகளிலும் வணங்கப்படுகிறாள். நம் மசாலா அங்கே ‘கொலம்போ’ குழம்பாகவும், சென்னைக் கட்டத்துணி ‘மத்ராஸ்’ தலைக்கட்டாகவும் எல்லா மக்களுக்கும் பொதுவாகிவிட்டன. இந்தத் தொடர்ச்சி குவாதலூப்பில் அடர்த்தியாக இருக்கிறது. காப்பெஸ்தேர் அருகே ஷாங்ஜியில் மாரியம்மன் கோயில் நிற்கிறது; அதே ஊர்ப்பக்கத்தில் பிறந்த ஆன்றி சிதம்பரம்தான், இந்திய வம்சாவளியினருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி 1904 முதல் போராடி, 1923இல் அதை உறுதிப்படுத்தினார்.

எதைத் தேர்ந்தாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில் செல்லுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான சாதாரண ஷெங்கன் விசா இங்கே செல்லாது என்பதால், இப்பகுதிகளுக்கான அனுமதியைத் தனியாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.