ஐஎஸ்ஐ முத்திரையோடு வந்த போலி ஹெல்மெட்

ஆன்லைனில் ஹெல்மெட் வாங்கியிருந்தால் முதலில் அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். என் மகளுக்கு வந்த ஹெல்மெட்டின் எண்ணைப் போட்டேன். அப்படியொரு உரிமமே இல்லை.

அவள் எங்கள் குமரி மாவட்டத்தில் தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவள். வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை வழி எப்படி என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள் உரசிக்கொண்டு போகும். அதனால்தான் பெயர்பெற்ற கம்பெனியின் ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கினோம். விலையிலும் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கடையில் விற்பதைவிட நூறு இருநூறுதான் குறைவு. பெட்டி, பை, வாரண்டி அட்டை எல்லாம் அச்சு அசல்.

கண்ணாடி லொடலொடவென்று ஆடுகிறது என்று தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் உள்துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது போலீசுக்குக் காட்டத்தான் ஆகும், தலைக்கு ஆகாது” என்றார். வெளி ஓட்டுக்கும் உள்துணிக்கும் நடுவே கெட்டியான தெர்மாகோல் இருக்க வேண்டும். விழும்போது அது நசுங்கித்தான் அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். இதில் இருந்ததோ பசை போட்டு ஒட்டிய மெல்லிய ஸ்பாஞ்ச். தாடைப்பட்டையை ஒற்றை ரிவெட்டில் பிடித்திருந்தார்கள், கையால் இழுத்தாலே அசைந்தது. இதைப் போட்டுக்கொண்டா பிள்ளை இத்தனை நாள் போய்வந்தாள் என்று நினைத்தபோது வயிறு கலங்கிவிட்டது.

சரி, இனி பணம் திரும்ப வாங்கிய கதை. ரிட்டர்ன் போடும்போது செயலி காரணம் கேட்கும். ‘பிடிக்கவில்லை’, ‘அளவு சரியில்லை’ என்று எதையாவது தட்டிவிடாதீர்கள். போலிப் பொருள் என்பதையே தேர்ந்தெடுங்கள், மற்றதற்கெல்லாம் அவர்களுடைய ரிட்டர்ன் கெடு குறுக்கே வரும். எனக்கு முதலில் மாற்று ஹெல்மெட் தருகிறோம் என்றார்கள். அதே ஆளிடமிருந்து இன்னொரு போலி எதற்கு? வேண்டாம் என்றேன். உடனே ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது என்று பேச்சு மாறியது.

அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, போலிப் பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்துக்கென்று ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும், அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய மின்னஞ்சல் தளத்தின் அடியில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். தேடி எடுத்து பில், ஸ்டிக்கர், பிஐஎஸ் கேர் காட்டிய பதில், உட்புறப் படங்கள் எல்லாவற்றையும் அனுப்பினேன். கூடவே 1915-க்கும் கூப்பிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் தந்தார்கள். அந்த எண்ணைப் போட்டு அடுத்த மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் தளத்திலிருந்து மரியாதையான பதிலே வந்தது.

பொருளை எடுக்க வந்த தம்பி பாவம், “பெட்டி இல்லேன்னா எடுக்க மாட்டாங்க அண்ணே” என்றார். பெட்டியையும் முகவரி ஒட்டிய கவரையும் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். கொடுத்து அனுப்பிவிட்டால் கையில் சாட்சி இருக்காது, அதனால் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள். பணம் முழுசாக வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது, இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ‘ரீஃபண்ட் பிரிவு’ என்று ஒருவன் இந்தியும் தமிழும் கலந்து பேசினான். ஆர்டர் விவரமெல்லாம் சரியாகச் சொன்னான். யுபிஐ-யில் வரும் கோரிக்கையை ஏற்று பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடுமாம். பணம் வாங்க பின் நம்பர் எங்கேயும் தேவையில்லை, கொடுக்கத்தான் தேவை. போனைத் துண்டித்தேன். கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களும் இதே ஆபத்துதான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

1915-லும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், எங்களுக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் டெல்லியில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

அதே படம், அதே ஹெல்மெட், இப்போது வேறொரு விற்பனையாளர் பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. பிஐஎஸ் கேரில் அதற்கும் புகார் போட்டிருக்கிறேன்.