எச்சிலா, சிறுநீரா? ஒரு கிடங்கின் போதைப்பொருள் சோதனை

மெல்போர்னில் ஒரு சரக்குக் கிடங்கில் பணிப் பாதுகாப்பு என் பொறுப்பு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்களுக்குப் போதைப்பொருள் சோதனை வைப்பது என்று நிர்வாகம் முடிவு செய்ததும், எந்தச் சோதனை என்பதை என்னிடம் விட்டார்கள். நான் எச்சில் சோதனையைத் தேர்ந்தெடுத்தேன். இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் சிலர் காரணம் கேட்டார்கள்.

மாதிரி எடுக்கும் வசதியில் எச்சில்தான் மேல் என்பது தெரிந்ததே. சிறுநீர் என்றால் தனிக் கழிப்பறை வேண்டும், உள்ளே தண்ணீர்க் குழாயை அடைக்க வேண்டும், கொண்டுவந்து கொடுத்த சில நிமிடங்களுக்குள் வெப்பநிலை பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருக்கிறதா என்று, சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவையும் பார்ப்பார்கள். எச்சிலுக்கு ஒரு நாற்காலி போதும். சுமார் பத்து நிமிடம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் உட்கார்ந்துவிட்டு, பஞ்சு வைத்த குச்சியை வாய்க்குள் வைத்திருந்தால் முடிந்தது. எல்லாம் கண்ணெதிரே நடப்பதால் வேறொருவர் மாதிரியைக் கொடுத்து ஏமாற்றுவது கடினம்.

இடத்திலேயே பார்க்கும் முதல் சோதனை இரண்டிலும் ஒரே மாதிரிதான். பட்டையில் அந்தந்தப் போதைப்பொருளுக்கான எதிர்ப்பொருள் இருக்கும். மாதிரியில் பொருள் இல்லையென்றால் கோடு தெரியும். வரம்புக்கு மேல் இருந்தால் கோடு வராது. ஆனால் கோடு வரவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளியாக்கக் கூடாது. 2004 டிசம்பரில் விக்டோரியா மாநிலம் சாலையில் எச்சில் சோதனையைத் தொடங்கியபோது, முதல் நாளில் சிக்கியவர் என்று ஊடகங்களில் காட்டப்பட்ட ஓட்டுநரை ஆய்வகச் சோதனை பிறகு விடுவித்தது. அதனால் முதல் சோதனை சந்தேகத்தைச் சொல்லும், மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறைநிறமாலைமானி வைத்த ஆய்வகம்தான் தீர்ப்பைச் சொல்லும் என்று எங்கள் விதிமுறையில் எழுதி வைத்தோம்.

சரி, என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமில்லை. எவ்வளவு பழைய கதையைச் சோதனை சொல்கிறது என்பதுதான்.

கஞ்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் தேடப்படுவது கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. அல்ல; உடல் அதை உடைத்த பிறகு மிஞ்சும், போதையே தராத ஒரு கழிவு. டி.எச்.சி. கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுவதால், அடிக்கடி புகைப்பவரின் சிறுநீரில் அந்தக் கழிவு வாரக்கணக்கில் தெரியும். ஒருவர் விடுமுறையில் புகைத்துவிட்டுத் தெளிந்த தலையோடு வேலைக்கு வந்தாலும் மாட்டுவார். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வண்டி நிறுத்துமிடத்தில் இப்போதுதான் புகைத்துவிட்டு வந்தவரின் சிறுநீரில் அந்தக் கழிவு சேர நேரம் பிடிக்கும். அவர் தப்பித்து ஃபோர்க்லிஃப்டில் ஏறிவிடலாம். நான் தடுக்க வேண்டிய ஆள் அவர்தானே!

எச்சிலில் தேடுவது டி.எச்.சி.யையே. புகைக்கும்போது வாயில் படிந்தது அது. பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை தெரியும். நாள்தோறும் புகைப்பவருக்கு அதைத் தாண்டியும் போகலாம். எச்சிலில் இருப்பதாலேயே ஒருவர் தடுமாறுகிறார் என்று நிரூபணம் ஆகாது. ஆனாலும் 'அண்மையில் பயன்படுத்தினாரா' என்ற கேள்விக்குப் பக்கத்திலாவது இந்தச் சோதனை வருகிறது.

ஆஸ்திரேலியத் தொழில் தீர்ப்பாயத்திலும் இதே வாதம் நடந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மின் விநியோக நிறுவனமான எண்டவர் எனர்ஜி சிறுநீர் சோதனை வேண்டுமென்றது, தொழிற்சங்கங்கள் எச்சிலைக் கேட்டன. 2012இல் தீர்ப்பாயம் எச்சில் பக்கம் நின்றது. மேல்முறையீட்டிலும் அது மாறவில்லை. வேலைநேரப் பாதுகாப்பைக் கேட்பது நிறுவனத்தின் உரிமை, வேலையைப் பாதிக்காத சொந்த நேரத்தில் தலையிடுவது உரிமை அல்ல என்பதே அதன் சாரம். எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியோடு பேசும்போது இந்த வழக்கு எனக்குப் பெரிதும் உதவியது. ஆட்களைப் பிடிப்பதற்காகச் செய்யவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பினார்.

எச்சிலுக்கும் ஓட்டைகள் உண்டு. தூக்க மாத்திரை வகையான பென்சோடயஸெபின்கள் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் எச்சிலுக்கு வருவது கொஞ்சம்தான். அதில் சிறுநீரே நம்பகம். எங்களிடம் அப்படி ஒருவரும் வந்ததில்லை என்பதால் இந்தப் பக்கம் என் பேச்சை அனுபவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரையாக விழுங்கிய கஞ்சா எண்ணெயும் வாயில் குறைவாகத்தான் தங்கும். 'ஐஸ்' என்று சொல்லப்படும் மெத்தம்ஃபெட்டமைன் இதற்கு எதிர்: இரத்தத்தைவிட எச்சிலின் அமிலத்தன்மை கூடுதல் என்பதால் அங்கே நன்றாகச் சேரும். ஆனால் அதே பொருள் வாயை உலர்த்திவிடுவதால் போதுமான எச்சில் ஊறக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் நம் வீட்டுக் கசகசா. குருமாவில் அரைத்துவிடும் கசகசா சிறுநீரில் ஓபியம் வகை முடிவைத் தூண்டலாம். அமெரிக்காவில் அரசு விதிகள் 1998இல் அந்த வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தியதற்கு இதுவும் ஒரு காரணம். எச்சிலிலும் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துக்கு வரலாம், ஆனால் சீக்கிரம் மறையும்.

போதையிலிருந்து மீண்டுவரும் ஒருவர் வாரக்கணக்கில் தொடாமல் இருக்கிறாரா என்று சிகிச்சைக்காகப் பார்க்க வேண்டுமானால் நானும் சிறுநீரைத்தான் சொல்வேன். ஷிஃப்ட் தொடங்கும் முன் சாவியைக் கொடுக்கலாமா என்பதற்கு எச்சில். வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் விலைப்பட்டியலில் கவனியுங்கள்: முதல் சோதனைக் குச்சி மலிவாக இருக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும் இரண்டாவது மாதிரிக்கான குழாயும் கூரியரும் தனிக் கணக்கில் வரும். அதைச் சேர்த்தே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.