கேரி பார்லோவா, ராபி வில்லியம்ஸா?

இருவரும் பாடிய பாப் இசைக்குழுவான டேக் தட் 1996-இல் கலைந்தபோது, இனி தனியாக யார் ஜெயிப்பார் என்று பிரிட்டனில் யாரைக் கேட்டிருந்தாலும் கேரி பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். முன்னணிக் குரல், பாட்டெழுதுபவர், பியானோக்காரர் எல்லாம் அவரே. ராபியோ அதற்கு முந்தைய வருடமே சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய வாலுப்பையன். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் கேரியின் முதல் தனிப்பாடல் நேராக முதலிடம், ராபி பாடியது ஜார்ஜ் மைக்கேலின் பழைய பாட்டு, அது இரண்டாமிடம்.

அப்புறம் கதை தலைகீழானது. ராபியின் முதல் ஆல்பம் தொடக்கத்தில் மந்தம்தான், ஆனால் 1997 டிசம்பரில் 'ஏஞ்சல்ஸ்' வந்தது. வெறும் பியானோவோடு தணிந்து தொடங்கி, பல்லவியில் தொண்டை கிழியத் திறக்கும் அந்தப் பாட்டைக் கூட்டம் தானாகவே பாடிவிடும், அவர் மைக்கை நீட்டினால் போதும். 2003-இல் இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் நடந்த அவர் கச்சேரிக்கு மூன்று இரவில் 3,75,000 பேர்! கேரியின் இரண்டாவது ஆல்பமோ 35-ஆம் இடத்தோடு சரி, இசை நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தமும் போயிற்று.

மெட்டுக் கட்டுவதில் இன்றும் என் ஓட்டு கேரிக்கே. ஆனால் தனியாக மேடையில் நிற்க மெட்டு மட்டும் போதவில்லை, ராபியிடம் இருந்த அந்தத் திமிரும் தன்னையே கிண்டலடிக்கும் குணமும் கேரியிடம் அப்போது இல்லை. 2010-இல் இருவரும் மறுபடி ஒரே ஆல்பத்தில் பாடினார்கள் என்பது தனிக்கதை.