மார்த்தாண்டத்தில் 'ஓநாய்க் குட்டி' பார்க்கப் போனோம்: 5க்கு 2

மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், நாய்த் தீனி எல்லாம் இந்தச் செல்லப்பிராணிக் கடையில் நன்றாகவே இருக்கும், விலையும் நாகர்கோவிலைவிடக் கொஞ்சம் குறைவு, அந்த இரண்டு ஸ்டாரும் அதற்குத்தான். மீதி மூன்றைத் தின்றது 'வுல்ஃப் டாக்', அதாவது ஓநாயும் நாயும் கலந்தது என்று சொல்லி விற்கும் குட்டி.

அக்கா மகன் யாரோ வைத்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு "மாமா, ஓநாய்க் கலப்பு, அறுபதாயிரம்தான்" என்று இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சரி, பார்த்துவிட்டாவது வருவோம் என்று மழையோடு போனோம். குட்டி அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வால் முதுகுமேல் சுருண்டு கிடக்கிறது. ஓநாய்க்கு வால் சுருளாது, கீழே தொங்கும். ஹஸ்கியும் ஜெர்மன் ஷெப்பர்டும் சேர்ந்த குட்டி என்றுதான் எனக்குப் பட்டது.

சட்டம் என்னவென்று கடைக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் கோர்ட்டு தள்ளியாச்சு அண்ணே" என்றார். பாதி உண்மை. 2024 மார்ச்சில் மத்திய அரசின் கால்நடைத் துறை, 23 வகை நாய்களை வளர்க்க, விற்க அனுமதி தராதீர்கள் என்று மாநிலங்களுக்கு எழுதியதில் பிட்புல், ராட்வைலரோடு ஓநாய் நாயும் இருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்டார்கள் என்பதற்காக. அந்த நாய்கள் சாது என்று சொல்லி அல்ல. அது போகட்டும், இந்திய ஓநாய் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு இருக்கும் பிராணி. தகப்பன் நிஜ ஓநாய் என்றால் அதை யார், எங்கே பிடித்தார்கள்?

உடனே பேச்சு மாறியது, "இது செக்கோஸ்லோவாக்கியா லைன்". 1955இல் கார்பாத்திய ஓநாயை ஷெப்பர்டோடு சேர்க்கத் தொடங்கி உருவாக்கிய தனி இனம் அது. அப்படியானால் கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பு) சான்றிதழோ, தாய் தகப்பனை இறக்குமதி செய்த காகிதமோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டுமே?

"பேப்பர் பின்ன தாறேன்."

மாநில விலங்கு நல வாரியப் பதிவு எண் கேட்டதற்கும் அதே பதில். 2018 விதிப்படி செல்லப்பிராணிக் கடைக்கு அது கட்டாயம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவும் கூடாது, இவர் தன் வாயாலேயே நாற்பது நாள் என்கிறார்! ஊசி போட்ட அட்டையும் இல்லை. இந்தப் புழுக்கத்தில் அவ்வளவு ரோமத்தோடு அது என்ன பாடுபடும் என்பதை நான் கேட்கவே இல்லை.

மருமகன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மீன் தீனி ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். அதற்கு மட்டும் கேட்காமலேயே பில் தந்தார்.