பாரிஸ் மொன்மார்த் சதுக்கத்துக்கு அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பாரிஸின் மொன்மார்த் குன்றின் உச்சியில் பிளாஸ் து தெர்த் என்று ஒரு சின்னச் சதுக்கம் இருக்கிறது. ஓவியர்கள் உட்கார்ந்து படம் வரைகிற அந்த இடத்தைப் புகைப்படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அங்கே என் அம்மாவை ஒருவன் மிரட்டிப் பணம் பறித்தான். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஓர் உணவகத்தில் சைவம் என்று சொல்லி அவருக்கு மாட்டு எலும்புச் சாறு ஊற்றிய சூப்பைக் கொடுத்தார்கள். இரண்டும் நடந்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். இந்தக் கோடை விடுமுறையில் பெற்றோரை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறவர்கள் பலர் இருப்பார்கள், அவர்களுக்காக.

நாங்கள் புதுச்சேரிக் குடும்பம். சித்தப்பா பல வருடங்களாகப் பாரிஸ் புறநகரில் இருக்கிறார். கிளம்பும்போதே அவர் ஒன்றைச் சொல்லி அனுப்பினார்: மெட்ரோ இரண்டாம் தடத்தில் ஆன்வேர் நிலையத்தில் இறங்கி மேலே நடந்தால், சக்ரே கேர் தேவாலயத்துக்குக் கீழே உள்ள படிக்கட்டுப் பூங்காவில் கலர் நூலோடு ஆட்கள் நிற்பார்கள், கையை நீட்டவே கூடாது என்று. இதை நம் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது ரொம்ப முக்கியம். கோயிலில் குருக்கள் கயிறு கட்டும்போது கையை நீட்டிப் பழகியவர்கள் அவர்கள். யாராவது சிரித்துக்கொண்டே நூலோடு வந்தால் கை தானாக நீளும். விரலிலோ மணிக்கட்டிலோ நூலை முறுக்கி இறுக்கிக் கட்டிவிடுவார்கள், அவிழ்க்க முடியாது. அப்புறம் காசு கேட்பார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் இன்னொருவன் பையைத் தடவுவான். நாங்கள் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் நேரே ஃபுனிகுலேர் என்ற, குன்றின் சரிவில் மேலே ஏற்றிவிடும் வண்டிக்குப் போனோம். அதற்கு டிக்கெட் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களைப் படியில் ஏற்ற வேண்டாம்.

தேவாலயத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு மகிழ்ச்சி. நம் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரு இருதய பசிலிக்கா பெயர்தானே இதற்கும் என்று கேட்டுக்கொண்டார். அங்கிருந்து இடதுபுறமாக நடந்தால் சேன் பியேர் என்ற பழைய தேவாலயம் வருகிறது. 1147-ல் அர்ச்சிக்கப்பட்டது. கன்னியர் மடம் ஒன்றின் கோயிலாக இருந்த அது, பக்கத்தில் இருக்கும் பெரிய வெள்ளைத் தேவாலயத்தைவிட ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தது. ஆனால் கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது. உள்ளே போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள், கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் சதுக்கம்.

மொன்மார்த் 1860 வரை பாரிஸுக்கு வெளியே இருந்த தனிக் கிராமம். இந்தச் சதுக்கம்தான் அந்தக் கிராமத்தின் நடு. பாரிஸோடு சேர்ந்த பிறகும் வாடகை குறைவாக இருந்ததால் ஓவியர்கள் இங்கே வந்து தங்கினார்கள். ரெனுவார் 1876-ல் பக்கத்துத் தெருவில், ரியூ கோர்த்தோவில், இடம் பிடித்து வரைந்தார். சற்றுக் கீழே பத்தோ லவ்வார் என்ற பழைய மரக் கட்டடத்தில் பிக்காசோ இருந்தார். சூசன் வாலதோன், அவர் மகன் உத்ரியோ என்று பெயர்கள் நீளும். அந்தப் பெயர்களின் மீதுள்ள மரியாதையில்தான் நாம் அங்கே போகிறோம். அந்த மரியாதையை வைத்துத்தான் ஏமாற்றவும் செய்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

சதுக்கத்தின் ஓரச் சுவர் ஒன்றில் ஒரு பலகை இருக்கிறது. 1898 டிசம்பர் 24 அன்று லூயி ரெனோ தான் கட்டிய பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டு முதல்முறையாக இந்தச் சதுக்கம் வரை ஏறி வந்தார் என்று எழுதியிருக்கும். அப்பா ஆயுள் முழுக்க வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவரும்கூட. அந்தப் பலகையை வரி வரியாகப் படித்து எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா நாலடி தள்ளி நின்று ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் திரும்பியபோது அம்மாவுக்கு எதிரே ஒருவன். இடது கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட காகிதம், வலது கையில் கரித்துண்டு. ஏற்கெனவே வரைய ஆரம்பித்துவிட்டான். "இந்தியா? காந்தி! மதர், வெரி பியூட்டிஃபுல்" என்று பேசிக்கொண்டே கை ஓடுகிறது. வேண்டாம் என்றேன். "நோ நோ, இது என் பயிற்சிக்கு, பிடித்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் பரவாயில்லை" என்றான். அம்மா வெட்கத்தோடு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றார். சில நிமிடங்களில் முடித்துக் காகிதத்தைச் சுருட்டி அம்மா கையிலேயே திணித்தான். பிறகு கேட்டான்: நூறு யூரோ.

படத்தில் இருந்தது அம்மாவே இல்லை. பெரிய கண், கூரிய மூக்கு, யாரோ ஒரு இளம்பெண்ணின் முகம், நெற்றியில் மட்டும் ஒரு பொட்டு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் வாங்க மறுக்கிறான். உங்கள் முகத்தை வரைந்த காகிதத்தை நான் யாரிடம் விற்பேன், என் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்று குரலை உயர்த்தினான். அப்பா பிரெஞ்சில் பேசத் தொடங்கியதும் இன்னொருவன் வந்து பக்கத்தில் நின்றான். கேட்ட தொகை நூறிலிருந்து எண்பதானது, பிறகு அறுபது. அம்மா நடுங்கிப்போனார். "வேணாம்ப்பா, குடுத்துட்டு வா, போயிடலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். ஐம்பது யூரோ கொடுத்தோம். கொடுத்த நொடியில் இருவரும் சந்துக்குள் போய்விட்டார்கள்.

சதுக்கத்துக்குள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓவியர் அம்மா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட்டு, அப்பாவிடம் பிரெஞ்சில் நடைமுறையை விளக்கினார். இந்தப் பதிவில் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். சதுக்கத்தில் உட்கார்ந்து வரைவதற்குப் பாரிஸ் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். ஒரு சதுர மீட்டர் இடம், அதையும் இரண்டு ஓவியர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும். இடம் கிடைக்கப் பல வருடம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் இடத்தை விட்டு எழுந்து வந்து ஆள் பிடிக்க மாட்டார்கள். ஸ்டாண்ட், நாற்காலி, பின்னால் வரிசையாக மாட்டிய படங்கள், அனுமதி அட்டை எல்லாம் ஓர் இடத்தில் இருக்கும். வரையும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியும் நடந்தபடியும் வரைகிறவர்கள், கத்தரிக்கோலால் கறுப்புக் காகிதத்தில் உங்கள் பக்கவாட்டு முகத்தை வெட்டிக் கொடுக்கிறேன் என்று பின்னாலேயே வருகிறவர்கள், இவர்கள் அந்த அனுமதிக்குள் வராதவர்கள். நேர்மையாக உட்கார்ந்து பிழைக்கும் ஓவியர்களின் வருமானத்தையும் இவர்கள்தான் கெடுக்கிறார்கள். அந்த ஓவியர் அம்மாவின் முகத்தில் எங்களைவிட அதிகக் கோபம் இருந்தது.

இன்னொன்றும் சொன்னார். நீங்கள் கேட்காத பொருளையோ வேலையையோ தந்துவிட்டுக் காசு கேட்பதைப் பிரெஞ்சு நுகர்வோர் சட்டம் தடை செய்கிறது. கொடுக்க வேண்டிய கடமை நமக்கு இல்லை. படத்தைத் தரையில் வைத்துவிட்டு, கூட்டம் இருக்கும் பக்கமாக, அதாவது உட்கார்ந்திருக்கும் ஓவியர்கள் பக்கமாக நடந்துவிட வேண்டும். மிரட்டினால் சத்தமாக "போலீஸ்" என்று சொல்ல வேண்டும், 17-ஐ அழைக்கலாம். யாராவது வரைய ஆரம்பித்தால் நிற்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பதுதான் நல்லது. நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். பெரியவர்களைத் தனியாக நாலடி தூரத்தில்கூட விட வேண்டாம்.

உண்மையிலேயே படம் வரைந்துகொள்ள ஆசை இருந்தால், அமர்ந்திருக்கும் ஓவியர்களிடம் போங்கள். அவர்களிலும் விலை ஆளுக்கு ஆள் மாறும். கறுப்பு வெள்ளையா கலரா, ஒருவரா இருவரா, எவ்வளவு நேரம் ஆகும், உறை சேர்த்தா என்று கேட்டு மொத்தத் தொகையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் உட்கார வேண்டாம்.

சரி, இனி உணவகம். பெயரைச் சொல்லப்போவதில்லை. சதுக்கத்தின் நடுவை முழுக்க உணவகங்களின் மேசைகளே நிரப்பியிருக்கின்றன, ஓவியர்கள் ஓரத்தில்தான். அம்மா மனம் சோர்ந்திருந்ததால் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்தோம். அம்மா முட்டைகூடச் சாப்பிடாதவர். வெங்காய சூப்பில் இறைச்சி உண்டா என்று அப்பா பிரெஞ்சில் கேட்டார், நான் ஆங்கிலத்தில் கேட்டேன். பரிமாறுகிறவர் இரண்டுக்கும் "இல்லை, முழுக்க சைவம்" என்றார். பாதிக் கிண்ணம் முடித்த பிறகு, ரொட்டி கொண்டுவந்த வேறொரு பையனிடம் அப்பா சும்மா பேச்சுக்கொடுத்தார். சூப்புக்கு அடிப்படை மாட்டு எலும்புச் சாறுதானே, வேறெப்படி இருக்கும் என்றான் அந்தப் பையன், எந்தக் கள்ளமும் இல்லாமல். அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தார். அதன் பிறகு அன்று முழுக்கத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

பிரெஞ்சு வெங்காய சூப்பை வழக்கமாக மாட்டுச் சாறில்தான் செய்கிறார்கள். இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியாததால் "இறைச்சி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "சாறு எதில் செய்தது? காய்கறியிலா, மாட்டிலா, கோழியிலா?" இன்னும் கண்டிப்பான சைவர்கள் சீஸையும் கவனிக்க வேண்டும். கொம்த்தே போன்ற பல பிரெஞ்சு சீஸ்களில் பால் உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். ஆனால் எங்களுக்கு நடந்தது தெரியாமல் நேர்ந்த பிழை அல்ல. இரண்டு மொழியில் கேட்டும் பொய் சொன்னார்கள். மேலாளரிடம் முறையிட்டபோது தோளைக் குலுக்கினார். சூப்புக்கான காசைக் கழிக்கவும் இல்லை.

பில்லில் இன்னும் இரண்டு விஷயம். நாங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து வைத்துக் காசு போட்டிருந்தார்கள். பிரான்ஸில் சாப்பாட்டோடு ஜாடித் தண்ணீரும் ரொட்டியும் இலவசம். "யூன் கராஃப் தோ" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்க வேண்டும், வெறும் வாட்டர் என்றால் பாட்டில்தான் வரும். அடுத்து, பரிமாறுகிறவர் கார்டு இயந்திரத்தை நீட்டும்போது "சர்வீஸ் சேரவில்லை, எத்தனை சதவீதம் போடட்டும்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா மெனு அட்டையின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த "செர்விஸ் கொம்ப்ரி" என்ற வரியில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே அச்சிட்ட விலையில் சர்வீஸ் சேர்ந்தே இருக்கும், சட்டப்படி அப்படித்தான் இருக்க வேண்டும். டிப்ஸ் உங்கள் விருப்பம் மட்டுமே. அவர் மறுபேச்சில்லாமல் பில் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டார். 2025-ல் லெ பரிசியன் நாளிதழ் ஓர் ஆளை அமெரிக்கப் பயணிபோல வேடமிட்டு ஈபிள் கோபுரப் பக்கத்து உணவகங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது இதே தந்திரங்கள்தான் வெளிவந்தன. நமக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துக் கூனிக் குறுக வேண்டாம். இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் இழப்பு. பொத்தானை அவர்கள் அழுத்த விடாதீர்கள்.

புகார் செய்ய ஓர் அரசு இணையதளம் இருக்கிறது, சிக்னல் கோன்சோ என்று பெயர். பில்லின் படத்தோடு சித்தப்பா அதில் பதிந்திருக்கிறார். உட்காரும் முன் வாசலில் மாட்டியிருக்கும் விலைப் பலகையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் புகாருக்கு உதவும். வெளியே விலை எழுதி வைப்பது அவர்கள் கடமை, எழுதாத கடையில் நுழையவே வேண்டாம்.

சதுக்கத்தைப் பார்க்கக் காலை ஒன்பது மணிக்கு முன் போங்கள். மேசைகள் விரிக்கப்பட்டிருக்காது, பழைய வீடுகளின் முகப்பு முழுதாகத் தெரியும். அப்படியே ரியூ கோர்த்தோவில் 12-ஆம் எண்ணில் உள்ள மொன்மார்த் அருங்காட்சியகத்துக்குப் போனால் ரெனுவார் வரைந்த தோட்டத்திலேயே உட்காரலாம். சாப்பாட்டை மட்டும் மேலே வைத்துக்கொள்ள வேண்டாம். ஆன்வேரிலிருந்து அதே இரண்டாம் தடத்தில் இரண்டாவது நிறுத்தம் லா ஷப்பெல். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த பகுதி. அங்கே சைவமா என்று தமிழிலேயே கேட்கலாம்.