கோத்தகிரியிலிருந்து கேரட் வண்டி: டீசலா, மின்சாரமா?

போன ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில் பழைய டீசல் பிக்கப்பை விற்றுவிட்டு, ஒரு டன் ஏற்றும் மின்சாரச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கினேன். அதே மாதம் என் மைத்துனர் புது டீசல் பிக்கப் எடுத்தார். இருவருக்கும் ஒரே தொழில். நெடுகுளா, கட்டபெட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் பிடுங்கிக் கழுவிய கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கும், வாரத்தில் மூன்று நாள் கோயம்புத்தூர் எம்.ஜி.ஆர். மார்க்கெட்டுக்கும் கொண்டுபோகிறோம். ஒரே சாலை, ஒரே பனி, ஒரே மழை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதி வேண்டியதில்லை. நான் சாய்வது மின்வண்டிப் பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சாய்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். மின்வண்டிக்கு வாங்கும் விலை கூடுதல், ஓட்டும் செலவு குறைவு. கோயம்புத்தூர் போய்வர 130 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மைத்துனருக்கு 13 லிட்டர் டீசல் போகிறது. எனக்குச் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 20 யூனிட். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 200 ரூபாய். அவர் வண்டி ஒன்றரை டன் ஏற்றும், என் வண்டி ஒரு டன்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் அவர் செலவு எனக்கு எட்டாத உயரத்தில்தான் நிற்கிறது. கிளட்ச் இல்லை, எஞ்சின் ஆயில் இல்லை. இவையெல்லாம் விற்பனைக்காரரே சொல்லிவிடுவார்.

அவர் சொல்லாதது ஒன்று இருக்கிறது. மலையில் மின்வண்டி எடுப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது பேட்டரியின் அளவு அல்ல. சரக்கு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான்.

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து 1,790 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குள். வண்டியும் கேரட்டும் சேர்ந்து குறைந்தது இரண்டு டன் என்று வையுங்கள். அந்த எடை 1,450 மீட்டர் கீழே இறங்கும்போது அதில் அடங்கியிருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 8 யூனிட். என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 21 யூனிட் சொச்சம்தான். டீசல் வண்டியில் அந்த 8 யூனிட்டும் எஞ்சினிலும் பிரேக் டிரம்மிலும் சூடாகிக் காற்றோடு போய்விடும். மின்வண்டியில் இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியபடியே அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. டயர் உராய்வு, காற்று, வளைவுகளில் மிதிக்கும் பிரேக் எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது 3 யூனிட். 85 சதவீதத்தோடு கிளம்பினால் மேட்டுப்பாளையத்தில் 98 காட்டும். 33 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கிளம்பியதைவிடக் கூடுதலான சார்ஜோடு மண்டியில் நிற்பதை இன்றைக்கும் எனக்கு முழுதாக நம்ப முடிவதில்லை.

திரும்பி ஏறும்போது வண்டி காலி. எடை 1,300 கிலோவுக்குள். அதற்கு 40 சதவீதம் போகிறது. ஆக, மலை இறங்கி ஏற நிகரச் செலவு 27 சதவீதம்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ஒருவர் அதே வண்டியில் ஒரு டன் அரிசியை மேலே ஏற்றுகிறார். ஏற்றத்துக்கு மட்டுமே 60 சதவீதம் வேண்டும். காலியாக இறங்கும்போது எடை குறைவு என்பதால் திரும்பக் கிடைப்பது 9 சதவீதம். நிகரச் செலவு 51. அதே வண்டி, அதே 66 கிலோமீட்டர், செலவு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை யாராலும் ஊகிக்க முடியாது. அந்தத் தூரம் சமதளக் கணக்கு.

மலை உச்சியில் குடியிருப்பவனுக்கு இந்தக் கணக்கில் ஒரு கண்ணியும் உண்டு. நான் அதில் முதல் வாரமே மாட்டினேன். புது வண்டி, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 காட்டியதும் பெருமையாக ஒரு டன் ஏற்றிக்கொண்டு அதிகாலை கிளம்பினேன். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது, நிரம்பிய பேட்டரியும் அப்படித்தான். மோட்டார் சக்கரத்தைப் பிடிக்கவேயில்லை. இரண்டாம் கியரில் இறக்கிப் பழகிய காலுக்கு இங்கே கியரும் கிடையாது. பிரேக், பிரேக், மறுபடி பிரேக். அரவேணுவுக்கு வருவதற்குள் பிரேக் லைனிங் கருகும் வாடை உள்ளே வந்துவிட்டது. டீக்கடை ஓரமாக நிறுத்தி, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். அடுப்புக்கு முன் நிற்பதுபோல் அனல் அடித்தது. கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பழைய லாரி ஓட்டுநராக இருக்க வேண்டும், டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "கியர் இல்லாத வண்டியை நம்பியா மலை இறங்குகிறீர்கள், தம்பி?" அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். அன்றிலிருந்து மேலே 85-க்கு மேல் ஏற்றுவதில்லை. இந்த வகை பேட்டரியை அவ்வப்போது முழுதாக நிரப்பினால்தான் அது காட்டும் சதவீதம் சரியாக இருக்கும். அந்த வேலையை வாரம் ஒருமுறை கீழே, மண்டிக்குப் பக்கத்து ஷெட்டில் வைத்துக்கொள்கிறேன்.

டீசலில் இந்தத் தலைவலி இல்லை. கியரைக் குறைத்தால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், டேங்க் நிரம்பியிருக்கிறதா காலியா என்று அது பார்ப்பதில்லை.

அடுத்தது வேகம். மின்வண்டி மலையில் திணறும், சமதளத்தில் பறக்கும் என்றுதான் வாங்குவதற்கு முன் நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். மலையில் 25, 30-க்கு மேல் யாராலும் போக முடியாது, அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே அல்ல. காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று நேர்ச்சாலை பிடித்த பிறகுதான் பேட்டரி கரைகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 45-லிருந்து 60-க்குப் போனால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, எதிர்ப்போ முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அதிலும் நம் சரக்கு வண்டிகளின் முகம் சுவர் மாதிரி. கேபினுக்கு மேலே மூட்டை தெரிய அடுக்கித் தார்ப்பாய் கட்டினால் சுவர் இன்னும் உயர்கிறது. தார்ப்பாயின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டால் அதுவும் சார்ஜைத் தின்னும். இப்போது கயிற்றை நானே இழுத்துக் கட்டுகிறேன்.

60-லேயே ஓட்டிய நாட்களில் வீடு வந்து சேரும்போது 10 சதவீதம் இருக்கும். 45-ல் ஓட்டினால் 22. மிச்சமாகும் நேரம் போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காகக் குஞ்சப்பனைக்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்து ஏறுவது எனக்குக் கட்டுபடியாகவில்லை. மைத்துனர் 80-ல் போகிறார். அவருக்கும் காற்று அதே வரியைத்தான் போடுகிறது. ஆனால் டீசல் முள் இறங்குவதை யாரும் கவனிப்பதில்லை, வழியெல்லாம் பங்க் இருக்கிறது.

அமெரிக்கப் பிக்கப்புகளின் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்பவர்கள் அதிகம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட், அதாவது என்னுடையதைப் போல ஆறு. அரசுச் சோதனையில் அதற்குக் கொடுத்த தூரம் 320 மைல், 515 கிலோமீட்டர். அதிலேயே பின்னால் பெரிய டிரெய்லரைக் கட்டி நெடுஞ்சாலை வேகத்தில் போனால் தூரம் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. இழுப்பது எடை மட்டுமல்ல, டிரெய்லரின் முகத்தில் மோதும் காற்றும்தான். பேட்டரி ஆறு மடங்கானாலும் காற்று விட்டுக்கொடுப்பதில்லை.

வானிலையைப் பொறுத்தவரை எனக்குக் கிடைத்தது இரண்டு குளிர்காலமும் ஒரே ஒரு ஆடியும்தான், அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி, தையில் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் பனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குளிர்ந்த பேட்டரி சார்ஜை வாங்கிக்கொள்வதற்கும் தயங்கும். உள்ளே வேதிவினை மந்தமாகும்போது வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் செல் கெட்டுவிடும் என்பதால் வண்டியே அளவைக் குறைத்துவிடுகிறது. முதல் எட்டு, பத்து கிலோமீட்டருக்கு மோட்டார் பாதிப் பிடிதான் பிடிக்கும். 98 வர வேண்டிய இடத்தில் 94 வரும். இதற்கு நான் கண்ட வழி எளிது. சாயங்காலமே சார்ஜ் போட்டு முடிக்காமல், கிளம்புகிற நேரத்துக்குச் சார்ஜ் முடிகிற மாதிரி இரவில் தாமதமாகப் போடுகிறேன். பேட்டரி சற்றுக் கதகதப்பாக இருக்கும்போதே வண்டியை எடுத்துவிடலாம். ஷெட்டும் கட்டினேன், திறந்தவெளியில் விடுவதைவிட அது நல்லது.

குளிரைவிட என்னை அதிகம் சோதித்தது ஆடி. ஆடிக் காற்றில் அம்மி பறந்ததோ இல்லையோ, பேட்டரியில் ஆறேழு சதவீதம் பறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று, கோயம்புத்தூரை நோக்கித் தெற்கே போகும் வண்டியின் முகத்தில் சாய்வாக அடிக்கிறது. வண்டி 50-ல் போனாலும் காற்றின் கணக்கில் அது 65. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும்தான், ஆனால் வாங்கியது முழுவதையும் திருப்பித் தராது. இருமடிக் கணக்கில் எதிர்க்காற்றின் நஷ்டம் எப்போதும் பின்காற்றின் லாபத்தைவிடப் பெரிது. மழை தனியாகச் செய்வது குறைவு. நனைந்த சாலையில் டயர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், ஒன்றிரண்டு சதவீதம் கூடும். மழை கெடுப்பது சாலையைத்தான்.

போன ஐப்பசி மழையில் ஒருநாள் பாதி மலை இறங்கியிருந்தேன். எதிரே வந்த ஜீப்காரர் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டி நிறுத்தினார். கீழே மண் சரிந்து, மரமும் சாய்ந்து கிடக்கிறது, விடியும்வரை வழி கிடைக்காது. ஒரு டன் கேரட்டோடு திரும்பி ஏறிக் குன்னூர் வழியாகச் சுற்ற வேண்டும். 91 காட்டிய வண்டி கோத்தகிரி வந்தபோது 61. மைத்துனர் போனில் கூப்பிட்டார்.

"மாமா, எவ்வளவு இருக்கிறது?"

"61. குன்னூர் போய்ப் பர்லியார் வழியாக இறங்குகிறேன், மாப்பிள்ளை."

"மேட்டுப்பாளையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் மூட்டைகளை என் வண்டிக்கு மாற்றிவிடலாம்."

மாற்றித்தான் கொண்டுபோனோம். அந்த இரவு மட்டும் அவர் வண்டியைப் பொறாமையோடு பார்த்தேன். மழைக்காலத்தில் மரம் விழுந்து மேலே மின்சாரம் போகும் இரவுகளும் உண்டு. அப்போது முந்தின நாள் மிச்சத்தோடுதான் இறங்க வேண்டும், கீழே சார்ஜ் போட இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

டீசல் பிக்கப்பின் மற்ற நல்ல குணங்களை நான் மறுக்கவில்லை. எந்தக் கடைவீதியிலும் மெக்கானிக் இருக்கிறார். விற்கப் போனால் அன்றைக்கே ஆள் வரும். என் வண்டியை ஐந்தாறு ஆண்டு கழித்து யார், என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் போதாது. கையில் இருப்பது பேட்டரிக்கான ஏழு ஆண்டு உத்தரவாதத் தாள் மட்டும்.

ஆகையால் யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது, உங்கள் லோடு கீழே போகிறதா, மேலே வருகிறதா என்றுதான். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட், தேயிலைத் தூள் என்று இறக்குகிறவர்கள் மேலே 85-ல் நிறுத்திக்கொண்டு, கீழே 50-க்குள் ஓட்டச் சம்மதித்தால் மின்வண்டியைத் தயங்காமல் எடுக்கலாம். அரிசி, சிமென்ட், எரு ஏற்றுகிறவர்களும், கோயம்புத்தூரைத் தாண்டித் தினமும் போகிறவர்களும் டீசலிலேயே இருக்கட்டும். அல்லது பேட்டரி பெரிதாக வரும்வரை காத்திருக்கட்டும்.

நாங்கள் இருவரும் இப்போது வேலையை அப்படித்தான் பிரித்துக்கொண்டிருக்கிறோம். இறங்கும் சரக்கில் முதல் டன் என்னுடையது. திரும்பும் வழியில் தோட்டங்களுக்குக் கோழி எரு கிடைத்தால் அது அவர் வண்டியில் ஏறுகிறது. எரு ஏற்றிய மறுநாள் அவர் வண்டியைக் கழுவும்போது நான் கொஞ்சம் தள்ளியே நின்றுகொள்கிறேன்.