மாடல் விமானத்துக்கு ரிமோட் விளக்கு சுவிட்ச்: பலகை நல்ல பலகை, குறிப்புத்தாள்தான் மோசம்

இதற்கு முன் என் விமானத்தில் இருந்தது கொஞ்சம் கூச்சப்பட வேண்டிய ஏற்பாடு. விளக்கை ஏற்றி அணைக்க மட்டும் 9 கிராம் சர்வோ (ரிமோட் சொல்கிறபடி ஒரு கையைத் திருப்பும் குட்டி மோட்டார்) ஒன்றை உள்ளே ஒட்டி, அதன் கை போய் ஒரு மைக்ரோ சுவிட்சை அழுத்தும்படி வைத்திருந்தேன். வேலை செய்யும்தான், ஆனால் முரட்டுத்தனமாகத் தரை இறங்கினால் கை நகர்ந்துவிடும், மறுபடி பிரித்து ஒட்ட வேண்டும். அலுத்துப்போய்த்தான் இந்த எலக்ட்ரானிக் சுவிட்சை வாங்கினேன். கட்டைவிரல் நகம் அளவு பலகை, ஒரு பக்கம் ரிசீவரில் (விமானத்தில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) செருக சர்வோ ஒயர், மறுபக்கம் பேட்டரிக்கு இரண்டு, விளக்குக்கு இரண்டு.

ரிசீவர் நொடிக்குச் சுமார் 50 முறை ஒரு துடிப்பு அனுப்புகிறது இல்லையா, அதன் நீளம் 1000 மைக்ரோ செகண்டிலிருந்து 2000 வரை மாறும். இந்தப் பலகை அதை அளந்து, நடுவில் 1500-ஐத் தாண்டினால் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக விளக்கை ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் ரிமோட்டில் இரண்டு நிலை சுவிட்ச் உள்ள சேனலைக் கொடுங்கள். நான் முதலில் திருகும் குமிழுக்குக் கொடுத்தேன், சரியாக நடுவில் நின்றபோது விளக்கு படபடவென்று துடித்தது. சிலர் ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு மின்னும் விளக்கு) என்று தனியாக ஒரு பலகை வாங்குகிறார்கள், எனக்கு இலவசமாகக் கிடைத்தது!

இனி என் புலம்பல். மாட்டிய அன்று சுவிட்சை எப்படிப் போட்டாலும் விளக்கு அணையவே இல்லை. பலகை கெட்டது என்று முடிவுகட்டி திருப்பி அனுப்பவே எடுத்து வைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் தப்பு என் இறக்கையில்: ஒயர் மிச்சம் பிடிக்கிறேன் என்று விளக்கின் நெகட்டிவை, இறக்கையின் பின்னோர மடலான அய்லரானை அசைக்கும் சர்வோவின் நெகட்டிவோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தேன். இந்தப் பலகை துண்டிப்பது நெகட்டிவ் பக்கத்தைத்தான். சர்வோவின் நெகட்டிவோ ரிசீவர், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாக நேராகப் பேட்டரிக்குப் போகிறது, மின்சாரம் பலகையை எட்டிக்கூடப் பார்க்காமல் அந்த வழியே ஓடிவிட்டது. விளக்குக்குத் தனியாக இரண்டு ஒயர் இழுத்ததும் எல்லாம் சரி. ஆனால் இந்த ஒரு வரியைக் குறிப்புத்தாளில் போட்டிருந்தால் எனக்கு ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

சூடு பற்றிக் கவலை இல்லை. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள 5050 வகை எல்இடி பட்டை, இரண்டு இறக்கையும் சேர்த்து ஒரு மீட்டர், 12 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் போல இழுக்கும். பத்து நிமிடம் எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். மூன்று செல் லிப்போ பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட், இறங்க இறங்க ஒளி மங்குவது கண்ணுக்கே தெரிகிறது, அதைப் பார்த்தே இறக்கிவிடலாம்.

இருட்டில் பறப்பவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் சோதியுங்கள். புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு ரிமோட்டை அணைத்தேன், விளக்கும் அணைந்தது. சிக்னல் போகிற நேரத்தில்தானே விமானம் எங்கே இருக்கிறது என்று தேடுவோம், அப்போது பார்த்து இருட்டாகிறது! ரிசீவரின் ஃபெயில்சேஃபில் (சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு) அந்தச் சேனலை 2000-இல் நிற்கும்படி மாற்றிய பிறகு விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அந்த சர்வோ ஒயரே கழன்றுவிட்டால் இதுவும் உதவாது. அதனால் இடது சிவப்பும் வலது பச்சையும் மட்டும் இந்தப் பலகையில், வாலில் உள்ள வெள்ளை விளக்கை நேராகப் பேட்டரியிலேயே கொடுத்துவிட்டேன்.